மலை உச்சியில் நங்கூரம்

அடைக்கல மாதா துணை

குருநகர்,
மாசி 18.

அன்பின் மருமகன் ஜெனிசுக்கு, உன் சிமியோன் மாமா எழுதுவது.

எங்கள் வீட்டிலிருந்து யாருக்குக் கடிதம் போனாலும் முதல் வரியில், பயப்பட வேண்டாம், இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதுவது என் வழக்கம். கை பழக்கத்தில் அதையே எழுதிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதிலும் நாலாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன், வாத்தியாருக்கு என்னை விடமுடியாத அன்பு. எழுத்துப் பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே வாசி. நீ சிரித்து ஒரு மாதம் ஆகிறது என்று உன் அம்மா சொன்னார்.

போனில் கதைக்கலாமே என்று நினைப்பாய். பத்துத் தரம் எடுத்தேன், நீ தூக்கவில்லை. தூக்கியிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். என் வாய் உனக்குத் தெரியும், செத்த வீட்டிலும் பகிடி விடுகிற வாய். சொல்லத் தொடங்கினால் பாதியில் அது பகிடியாகத் திரும்பிவிடும், கேட்கிறவனுக்கு எது மெய் எது பகிடி என்று தெரியாமல் போய்விடும். மற்றது, மாமிக்குக் காது மந்தம் என்று எங்கள் போனை எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைக்கிறோம். ஒழுங்கைச் சனம் முழுவதுக்கும் கேட்கும். அதனால்தான் கொப்பி வாங்கி எழுதுகிறேன். அடைக்கலநாதன் வியாழக்கிழமை உங்கள் குளிர் நாட்டுக்குத் திரும்பிப் பறக்கிறார். என் பிள்ளை றஜிந்தனின் சவப்பெட்டியோடு கூட வந்து, முப்பத்தோராம் நாள் முடியும் மட்டும் எங்களோடு நின்ற மனிசன். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் பார்க்க மாட்டார். பக்கத்தில் உனக்குப் பிடித்த சூடை மீன் கருவாடும் இருக்கும், அதைப் பிரித்தாலும் பிரிப்பார்.

நேற்று முப்பத்தோராம் நாள். காலையில் பூசை, பிறகு கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தினோம், பிறகு வீட்டில் சாப்பாடு. நூற்றைம்பது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது, கறியைத்தான் தெரியும். கணவாய்க் கறி முடிந்ததும் ஒரு கூட்டம் துக்கம் தாங்காமல் எழும்பிப் போய்விட்டது.

உன் அம்மாவும் வந்தார். படலை மட்டும்தான் வந்தார். மாமி பந்தலுக்குள்ளிருந்து கண்டுவிட்டு எழும்பிப் போய்ப் படலையைச் சாத்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, “அற்புதராணி, நீ போ. உன்ரை மகன் என்ரை பிள்ளையின்ரை கையை விட்டவன். உன்னட்டை நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை, என்ரை வாசலுக்கு வராதை” என்றாள். உன் அம்மா கையில் ஒரு சின்னப் பெட்டி மெழுகுதிரி வைத்திருந்தார். அதைப் படலைக்கு வெளியே மதிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் கறி அகப்பையோடு நின்றேன். திரும்பி அடுத்த ஆளுக்குக் கறி விட்டேன்.

பந்தி முடிந்த பிறகு கோயில் மூலையில் உன் அம்மாவைக் கண்டேன். என்னைக் கண்டு கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. உன்னைப் பற்றித்தான் கதைத்தார். “அண்ணை, அவன் வேலைக்குப் போறானில்லை. வாய்க்கு ஒண்டும் வைக்கிறானில்லை. முந்தநாள் போனிலை என்னட்டை, அம்மா, நான் அந்த மலைக்கு ஒருக்கால் போட்டு வரப்போறன் எண்டான். ஏனடா எண்டன். றஜிந்தன் இருந்த இடத்திலை ஒரு இரவு இருந்து பார்க்கப்போறானாம். போட்டு வரப்போறன் எண்டுதான் சொன்னவன். ஆனால் அவன் திரும்பி வாற எண்ணத்திலை சொல்லேல்லை அண்ணை. பெத்தவளுக்குத் தெரியும்” என்றார்.

அதைக் கேட்டுவிட்டு நேரே கடைக்குப் போய் வாங்கியதுதான் இந்தக் கொப்பி.

மருமகன், நீ ஏன் அந்த மலைக்குப் போகப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவன் ஏன் திரும்பிப் போனான் என்று உனக்குத் தெரியாது. இறங்கத் தொடங்கிய பிறகு உன் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, “நான் நிக்கிறன், நீ போ” என்று சொல்லிவிட்டு ஏன் திரும்பினான் என்று பொலிசும் கேட்டது, அடைக்கலநாதனும் கேட்டார், மாமியும் கேட்டாள். நீ எல்லோருக்கும் தெரியாது என்றாய். நான் மட்டும் உன்னிடம் கேட்கவில்லை. கவனித்தாயோ தெரியாது. எனக்குப் பதில் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். கடலுக்குப் போக வலை ஏற்றிக்கொண்டிருந்தேன். றஜிந்தன் படத்தோடு போன் எடுத்தான். பாதி மலை ஏறியாயிற்றாம். அந்த ஜக்கெற்றுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது, அரிசி மூட்டைக்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தான். எங்கையடா போறாய் என்று கேட்டேன். “மலை உச்சியிலை பனியைத் தோண்டிக் கூடாரம் அடிச்சுப் படுக்கப் போறம் அப்பா. ஜெனிஸ்தான் வா வா எண்டு இழுத்துக்கொண்டு வந்தவன்” என்றான். “ஏன், வீட்டுக்காரன் ரெண்டு பேரையும் கலைச்சுப் போட்டானோ” என்றேன். நீயும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, வாறியளோ” என்று கேட்டாய். “உங்கை கள்ளு இறக்கப் பனை நிண்டால் சொல்லு, வாறன்” என்றேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போன அந்த ஊர்த் தாடிக்காரனும் ஒன்றும் விளங்காமல் கூடச் சிரித்தான். நல்ல மனிசன் போலத்தான் தெரிந்தான்.

படம் முழுக்க ஒரே நீலமாய் இருந்தது. “மத்தியானம் ஆகப்போகுது எண்டுறாய், உங்கை பொழுதுபட்ட மாதிரிக் கிடக்கு. உன்ரை போன் பழுதடா” என்றேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். வலை ஏற்றுகிற அவசரம்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை ஆறரை. இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. வேறு ஒருவருக்கும் தெரியாது.

நான் கரைக்கு வந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். நல்ல பாடு, வலை கனத்துக் கிடந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். றஜிந்தன் எடுத்தான், இந்த முறை படம் இல்லை, குரல் மட்டும். காற்று அடிக்கிற சத்தம் போனைக் கிழித்தது. உங்களுக்கு அப்போது இரவு இரண்டு மணி. நீயும் தாடிக்காரனும் சாமான் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். “அப்பா, கூடாரம் கிழிஞ்சு போச்சு. வெள்ளை மூட்டம், கையை நீட்டினால் கை தெரியேல்லை. தாடிக்காரன் இப்பவே இறங்க வேணும் எண்டுறான். என்ன செய்ய அப்பா?” என்று கேட்டான்.

நான் சொன்னேன். “கண் தெரியாமல் ஓடித்தானே போன வருசம் ரெண்டு வள்ளம் கல்லுப் பாரிலை ஏறி உடைஞ்சது. உவன் தாடிக்காரனுக்கு என்ன தெரியும். நங்கூரத்தைப் போட்டிட்டு நிண்ட இடத்திலை நில். இஞ்சை விடிஞ்சிட்டுது, உங்கையும் கொஞ்ச நேரத்திலை விடிஞ்சிடும். வெளிச்சத்திலை இறங்கு.”

“ஓம் அப்பா” என்றான். போன் அறுந்துவிட்டது.

நான் போனை மடியில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, “என்ரை மகன் மலை உச்சியிலை நங்கூரம் போடுறான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களை விட நான்தான் கூடச் சிரித்தேன். அந்த நேரம் கொழும்புத்துறைப் பக்கம் வானம் சிவந்து சூரியன் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன்.

நீ கடல் தொழிலுக்கு வராதவன். ஒரே ஒரு நாள் வந்தாய், மண்டைதீவு தாண்ட முன்னமே காலைச் சாப்பாட்டை மீனுக்குக் கொடுத்துவிட்டாய். அதனால் உனக்கு இது தெரிய வழியில்லை. வள்ளத்தில் எஞ்சின் பிடிக்கிறவன் ஒன்று சொன்னால் மற்றவன் மறுத்துக் கதைக்கிறதில்லை. கரைக்கு வந்த பிறகு ஏசலாம், அடிபடலாம், ஒரு கிழமை கதையாமல் இருக்கலாம். கடலில் ஓம் என்கிற ஒரு சொல்தான். ஆளுக்கொரு நியாயம் கதைத்துக்கொண்டிருந்தால் அதற்குள் வள்ளம் கவிழ்ந்துவிடும். றஜிந்தன் பதினைந்து வயதிலிருந்து என் வள்ளத்தில் வந்தவன். கரையில் நான் சொன்ன ஒரு சொல் கேட்டதில்லை. தலைமயிரை வெட்டு என்று மூன்று வருடம் சொன்னேன், வெட்டவில்லை. ஆனால் கடலில் ஒரு தரமும் ஏன் என்று கேட்டதில்லை. அன்றைக்கு அவன் என்னைக் கேட்டது அந்தக் கேள்விதான். எஞ்சின் பிடிக்கிறவனைக் கேட்கிற கேள்வி.

மூட்டத்தில் அகப்பட்டால் எஞ்சினை நிற்பாட்டி, நங்கூரத்தை இறக்கி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, நகராமல் இருந்து விடியப் பார்ப்பது எங்கள் முறை. எங்கள் கடலில் அது சரி. இரவு முழுக்க நனைந்தாலும் நடுங்குவாய், இருமுவாய், ஆனால் சாக மாட்டாய். குளிரே ஒரு ஆளைக் கொல்லும் என்பது நான் ஐம்பத்திரண்டு வயதில் படித்தது.

அடுத்த நாள் பகல் அவனை உச்சியில் கண்டெடுத்தபோது, அங்கே அடையாளத்துக்கு அடுக்கி வைத்த கல்லுக் குவியலோடு தன்னைக் கட்டியிருந்தானாம். கூடாரக் கயிற்றைக் கல்லைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் முடிந்து, காற்றுக்கு முதுகு காட்டி இருந்தானாம். யார் கட்டியது, ஏன் கட்டியது என்று பொலிஸ் உன்னிடம் மூன்று தரம் கேட்டதாம். நீ ஒவ்வொரு தரமும் அழுதாயாம். அடைக்கலநாதன் சொன்னார், அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் வெட்டித்தான் எடுத்தார்களாம். அது வள்ளத்து முடிச்சு. நான் பழக்கினது. நங்கூரம் போடு என்றேன், போட்டிருக்கிறான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பெட்டி வந்த அன்று, வீட்டில் சனம் நிறைந்திருக்க, அடைக்கலநாதனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மனம் பொறுக்காமல், “இன்னும் ஒரு ரெண்டு மூண்டு மணித்தியாலம் தாங்கியிருந்தால் விடிஞ்சிருக்கும், என்ன” என்று கேட்டேன். அவர், “இல்லை அண்ணை. எங்கடை பக்கம் தை மாசம் சூரியன் வாறேல்லை. கார்த்திகை கடைசியிலை போனால் தை கடைசியிலைதான் தலை காட்டும். பத்து மணிக்குப் பிறகு கொஞ்ச நேரம் நீலமா இருக்கும், அவ்வளவுதான்” என்றார். மழை பெய்யுமா பெய்யாதா என்று சொல்வது போல, தேத்தண்ணீரை ஊதிக்கொண்டு சொன்னார். நான் எழும்பிப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

விடியாத ஊரில் என் பிள்ளையை விடியும் மட்டும் நில் என்று சொல்லியிருக்கிறேன்.

அது அவனுக்குத் தெரியும். நாலு மாதமாய் அங்கே இருந்தவன். பின்னே ஏன், “அப்பா, இஞ்சை விடியாது” என்று ஒரு சொல் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், “அப்ப இறங்கடா விசரா” என்றிருப்பேன். மலை உச்சியில், உயிர் போகிற நேரத்தில், மறுத்துக் கதைக்காமல் ஓம் அப்பா என்றானே. இதை நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். நான் அவனை அப்படி வளர்த்துவிட்டேன், வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது அங்கே சூரியன் வந்துவிட்டதாம், அடைக்கலநாதனுக்கு யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் காட்ட வந்தார். கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ மாமிக்குப் போன் எடுத்து, “மாமி, நான் கையை விட்டிட்டன்” என்று அழுதாய் அல்லவா. அந்த ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். நீ விடவில்லை மருமகன். நீ எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான். என் சொல் அவன் காதில் இருந்தது. நீயும் தாடிக்காரனும் திரும்பிப் போய் இரண்டு மணித்தியாலம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினீர்கள், உனக்குக் கால் விரல் இரண்டு குளிரில் கறுத்துப்போனது. நான் அந்த நேரம் நண்டு விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டேன். நல்ல நித்திரை.

மாமிக்கு இதொன்றும் தெரியாது. மூன்று தரம் சொல்லப் போனேன். ஒரு தரம் கிட்டப் போய் நின்றேன், அவள் திரும்பி, “என்ன” என்றாள். “கறிக்கு உப்புக் காணாது” என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னேரம் செபமாலை சொல்லி முடிய அவள் தன் பாட்டில் ஒரு வரி சேர்க்கிறாள், மாதாவே, ஜெனிசும் நல்லா இருக்கக் கூடாது என்று. மற்ற எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்கிற நான் அதற்கு மட்டும் இருமுகிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

அவள் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்குக் கேட்காது என்று உன்னை அதில் விட்டுவிட்டு நான் உனக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். உன் அம்மா படலையில் நிற்கவும் ஒளிந்துதான் நின்றேன். எனக்கும் அவளுக்கும் இனி இந்த வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இதைக் கேட்ட பிறகு அவள் என்னோடு ஒரு கூரைக்குக் கீழே இருப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கடலுக்குப் போகிறேன். கரையில் பழையபடி பகிடி விடுகிறேன், சிமியோன் மனதைத் தேற்றிவிட்டான் என்று சொல்கிறார்கள். போன கிழமை விடியப்புறம் மூட்டம் வந்தது. நான் நங்கூரம் போடவில்லை, ஓடினேன். கூட வந்தவன் கத்தினான். எப்படியோ கரை வந்துவிட்டது. வந்தது எனக்குச் சந்தோசமா என்று கேட்காதே.

இதெல்லாம் எழுதியது உன்னை ஆறுதல்படுத்த அல்ல. எனக்கு அந்த வித்தை தெரியாது. நீ அந்த மலைக்குப் போகக் கூடாது, அதற்காக எழுதினேன். அங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை. போக வேண்டிய ஆள் நான். எனக்கு விசா தரமாட்டார்கள், ஏறவும் மூச்சு வாங்கும். சோற்றைத் தின். வேலைக்குப் போ. கால் ஆறும் மட்டும் நொண்டிக்கொண்டு போ, ஒருவரும் பரிசு தரமாட்டார்கள் நேராக நடந்தால். உன் அம்மாவின் குழிக்கு நீதான் மண் போட வேண்டும். அந்த முறையை மாதா உங்கள் வீட்டிலாவது மாற்றாமல் வைக்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாலும் சரி, நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணம் உனக்குத் திரும்பவும் வந்தால், அந்த மலைச் சப்பாத்தைக் கையில் எடுக்க முன்னம் மாமிக்குப் போன் எடு. உன் பெயரைக் கண்டால் தூக்க மாட்டாள், அடைக்கலநாதனின் போனில் எடு. ஏசுவாள். ஏசி முடியும் மட்டும் பொறு. பிறகு இதை முதல் வரியிலிருந்து வாசி. அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி. நான் பக்கத்தில் இருந்தாலும் வாசி. நிற்பாட்டடா என்று நான் கத்தினாலும் என் சொல்லைக் கேட்காதே, மருமகன். முழுவதையும் வாசி.

இப்படிக்கு,
உன் மாமா
சி. சிமியோன்